களியக்காவிளை தாண்டினால் கொத்தனாரின் உற்பத்தித்திறன் ஏன் கூடுகிறது?

இந்தியாவின் உற்பத்தித்திறன் உலகிலேயே மிகக் குறைந்தவற்றுள் ஒன்று என்று 2023 அக்டோபரில் சொன்ன இன்போசிஸ் நிறுவனர் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியனின் பேச்சில் அது 90 மணி நேரமாக ஏறியது. இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் நாடுவாரிப் பட்டியல் ஒன்றும் கூடவே வரும். ஒரு மணி நேர உழைப்புக்கு இத்தனை டாலர் என்று நாடுகள் வரிசையாக நிற்கும். உச்சியில் லக்சம்பர்க், அயர்லாந்து, நார்வே. அமெரிக்கா 70 டாலருக்கு மேல். இந்தியா 10 டாலரை ஒட்டி எங்கோ கீழே.

இதைப் பார்த்ததும் பலருக்குத் தோன்றுவது, அமெரிக்கர் ஏழு மடங்கு உழைக்கிறார், நம் ஆட்களுக்கு உழைக்க மனமில்லை என்பதுதான். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்துக்குள் இறங்கும் பால்வெட்டுத் தொழிலாளியையும், வாரக்கணக்கில் கரை காணாமல் ஆழ்கடலில் கிடக்கும் தூத்தூர் மீனவரையும் அறிந்த குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு அந்த முடிவு உறுத்தத்தான் செய்யும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் கணக்கிலேயே இந்தியர் சராசரியாக வாரத்துக்கு 46.7 மணி நேரம் வேலை செய்கிறார். பாதிப் பேருக்கு மேல் 49 மணி நேரத்தை எட்டுகிறார்கள். உழைக்கும் நேரம் குறைவில்லை. அப்படியானால் எண் ஏன் இவ்வளவு சிறியது? அந்த எண் எப்படிச் செய்யப்படுகிறது என்று பார்த்தால்தான் விடை தெரியும்.

## அடிப்படை ஒரு வகுத்தல்

மேலே உற்பத்தி, கீழே அதற்குச் செலவான உழைப்பு. மேலே உள்ளதைக் கீழே உள்ளதால் வகுத்தால் உழைப்பின் உற்பத்தித்திறன். ஒரே பொருளைச் செய்யும் ஓர் இடத்துக்குள் இது எளிது. கீரிப்பாறையில் ஒரு தொழிலாளி ஒரு நாளில் முந்நூறு, நானூறு மரங்களில் பால் வெட்டி இத்தனை கிலோ சேர்த்தார் என்று எடைபோட்டுச் சொல்லிவிடலாம்.

நாடு முழுவதற்கும் அப்படிச் சொல்ல வழியில்லை. ரப்பர் ஷீட்டையும் தோவாளைப் பிச்சிப்பூவையும் நாகர்கோவில் ஆசிரியர் எடுத்த பாடத்தையும் கூட்டுவதற்குக் கிலோ உதவாது. எல்லாவற்றையும் பணமாக்கித்தான் கூட்ட வேண்டும். பணமாக்கும்போது இரண்டு விதிகளைக் காக்க வேண்டியிருக்கிறது.

1. விற்ற தொகை முழுவதையும் எடுக்கக் கூடாது. அங்கே கூடிய மதிப்பை மட்டும் எடுக்க வேண்டும். விளவங்கோடு, கல்குளம் பக்கத்து அண்டியாபீஸ்களுக்கு, அதாவது முந்திரி ஆலைகளுக்கு, வரும் கொட்டையில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவிலிருந்து இறக்குமதியாவது. ஓர் ஆலை 100 ரூபாய்க்குப் பருப்பு விற்கிறது, அதில் கொட்டை, எரிபொருள், டின் எல்லாம் சேர்த்து 80 ரூபாய் வெளியாருக்குப் போகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஆலை கூட்டிய மதிப்பு 20 ரூபாய்தான். கூலி, வட்டி, வாடகை, லாபம் நான்கும் அந்த 20 ரூபாய்க்குள் அடங்கும். நாட்டில் உள்ள எல்லா ஆலைகளும் கடைகளும் தோட்டங்களும் அலுவலகங்களும் இப்படிக் கூட்டிய மதிப்பின் தொகையே, பொருள்கள் மீதான வரி, மானியத்தைச் சரிக்கட்டிய பின், ஜிடிபி என்று நாம் கேள்விப்படும் மொத்த உள்நாட்டு உற்பத்தி.

2. விலை ஏறியதை உற்பத்தி ஏறியதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ரப்பர் ஷீட் 2011இல் கிலோ 240 ரூபாயைத் தொட்டது. 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே சரிந்தது. 2024 ஆகஸ்டில் மறுபடி 240 ரூபாயைத் தாண்டியது. இத்தனை ஆண்டும் பால்வெட்டுக்காரரின் கத்தி ஒன்றுதான், நடை ஒன்றுதான், மரம் சுரந்த பாலிலும் பெரிய மாற்றமில்லை. அன்றன்றைய விலையில் கணக்கிட்டால் அவரது திறன் பாதியாகக் குறைந்து பிறகு இரட்டிப்பானது போலத் தெரியும். இதைத் தவிர்க்க ஓர் ஆண்டின் விலையை நிலையாக வைத்து எல்லா ஆண்டுகளையும் மதிப்பிடுகிறார்கள். அதுவே அடிப்படை ஆண்டு.

இந்த இரண்டு விதிகளும் நாட்டுக்குள்ளேயே தேவைப்படுபவை. நாடுகளை ஒப்பிட இறங்கும்போது மேலே உள்ள எண், கீழே உள்ள எண், நாணயம் ஆகிய மூன்றிலும் புதுச் சிக்கல்கள் வருகின்றன.

## மேலே உள்ள எண்: எது சேரும், எது சேராது

வீட்டில் சமைப்பது, பிள்ளை வளர்ப்பது, படுத்துக் கிடக்கும் முதியவரைப் பார்த்துக்கொள்வது எதுவும் ஜிடிபியில் சேராது. ஐ.நா.வின் தேசியக் கணக்கு முறை அப்படித்தான் எல்லை வகுத்திருக்கிறது. 2024ஆம் ஆண்டின் இந்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்கு 289 நிமிடங்கள் செலவிட்டனர். ஆண்கள் 88 நிமிடங்கள். ஒரு நாட்டில் பிள்ளைக் காப்பகமும் உணவு விடுதியும் இந்த வேலையைக் காசுக்குச் செய்கின்றன, இன்னொரு நாட்டில் அதே வேலையை அம்மா செய்கிறார் என்றால், முதல் நாட்டின் உற்பத்தி பெரிதாகத் தெரியும்.

அரசு மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் விற்பனை விலை இல்லை. அதனால் அவற்றின் உற்பத்தியை அவற்றுக்கு ஆகும் செலவைக் கொண்டே பெரும்பாலும் மதிப்பிடுகிறார்கள். ஒரு செவிலியர் முன்பைவிட இரண்டு மடங்கு நோயாளிகளைக் கவனித்தாலும் சம்பளம் மாறாதவரை, இந்த முறையில் அவரது உற்பத்தியும் மாறாது.

மூன்றாவது, உற்பத்தி எந்த நாட்டுக் கணக்கில் ஏறும் என்பது. குமரிக்கு இது நேராகப் படும். வளைகுடாவில் ஆண்டுக்கணக்கில் தங்கி வேலை செய்யும் நம்மூர்க்காரரின் உற்பத்தி அந்த நாட்டு ஜிடிபியில் சேர்கிறது. அரபு முதலாளியின் படகில் ஒப்பந்தத்துக்குப் போகும் மீனவர் பிடித்த மீனும் அங்கேதான். அவர் வீட்டுக்கு அனுப்பும் பணம் இந்திய ஜிடிபியில் சேராது. அதை உற்பத்தியாகப் பார்க்காமல் கைமாறிய தொகையாகவே கணக்கு பார்க்கிறது. 2024இல் இந்தியாவுக்கு இப்படி வந்த பணம் ஏறத்தாழ 129 பில்லியன் டாலர் என்பது உலக வங்கியின் மதிப்பீடு. அந்தப் பணத்தில் மார்த்தாண்டத்தில் ஒரு வீடு எழும்பும்போது, அந்தக் கட்டுமானம் மட்டும் இங்கே உற்பத்தியாக ஏறும்.

இதற்கு எதிர்ப்பக்கம் அயர்லாந்து. வரிச் சலுகைக்காகப் பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் காப்புரிமை போன்ற சொத்துகளை அங்கே பதிவு செய்தன. 2015ஆம் ஆண்டின் அயர்லாந்து வளர்ச்சி விகிதம் முதலில் 26 சதவீதம் என்று வெளியானது. ஒரே ஆண்டில் ஐரிஷ் தொழிலாளிகள் கால்வாசி கூடுதல் திறமைசாலிகளாகிவிடவில்லை. வேறு எங்கோ உருவான மதிப்பு ஏட்டளவில் அங்கே வந்து சேர்ந்தது. அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகமே பிறகு இந்த வீக்கத்தைக் கழித்த தனி அளவீட்டை வெளியிட வேண்டியிருந்தது. பட்டியலின் உச்சியில் அயர்லாந்தைப் பார்க்கும்போது இது நினைவில் இருக்க வேண்டும்.

நார்வேயின் இடத்துக்கு எண்ணெய் பெரிய காரணம். மண்ணுக்கடியில் இருந்த செல்வத்தின் விலை, அதை எடுத்த சிலரின் உழைப்பாகக் கணக்கில் தெரிகிறது. மணவாளக்குறிச்சி ஐஆர்இஎல் ஆலையில் மணலிலிருந்து பிரிக்கும் இல்மனைட், சிர்க்கான், மோனசைட் ஆகியவற்றின் விலையிலும் கடற்கரையின் கொடை ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்கைத் தொழிலாளியின் திறமையிலிருந்து பிரித்துக் காட்ட இந்த வகுத்தலுக்குத் தெரியாது.

## கீழே உள்ள எண்: தலையா, மணியா

உற்பத்தியை மக்கள்தொகையால் வகுப்பது தனிநபர் ஜிடிபி. அது உற்பத்தித்திறன் ஆகாது. குழந்தைகளும் ஓய்வுபெற்றவர்களும் அதில் சேர்ந்துவிடுகிறார்கள். வேலை செய்வோரின் எண்ணிக்கையால் வகுப்பது ஒரு வழி. அவர்கள் வேலை செய்த மொத்த மணிகளால் வகுப்பது அதைவிடச் சரியான வழி. ஜெர்மானியர் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,340 மணி நேரமும், அமெரிக்கர் 1,800 மணி நேரமும், மெக்சிகோக்காரர் 2,200 மணி நேரமும் வேலை செய்கின்றனர். ஆள்கணக்கில் அமெரிக்கருக்கு வெகு பின்னால் நிற்கும் ஜெர்மானியர், மணிக்கணக்கில் கிட்டத்தட்டப் பக்கத்தில் வந்துவிடுகிறார்.

மணியைக் கணக்கிடுவதுதான் பெரும்பாடு. சம்பளம் பெற்ற மணி வேறு, வேலை செய்த மணி வேறு. விடுப்பையும் பண்டிகையையும் நோய்நாளையும் கழிக்க வேண்டும். எழுதப்படாத கூடுதல் வேலையைச் சேர்க்க வேண்டும். தோவாளையில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பூக்கட்டும் பெண், நடுவில் அடுப்பைப் பார்த்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, மறுபடி வந்து கட்டுகிறார். அவர் இன்று எத்தனை மணி நேரம் வேலை செய்தார்? சின்னத்துறையிலிருந்து தங்கலுக்கு, அதாவது நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போன மீனவர் கடலில் உறங்கும் நேரம் வேலை நேரமா? மணி அடித்து வேலை தொடங்கும் தொழிற்சாலையை மனத்தில் வைத்து உருவான அளவு இது. அப்படிப்பட்ட தொழிற்சாலைகள் நிறைந்த நாட்டில் இந்த எண் ஓரளவு உறுதியானது. நம் நாட்டில் அது தோராயம்.

இந்தியாவில் வேலை செய்வோரின் எண்ணிக்கைக்கு இப்போதைய மூலம், 2017 ஏப்ரலில் தொடங்கிய காலமுறைத் தொழிலாளர் ஆய்வு. யாரைத் தொழிலாளி என்பது என்பதில் அது இரண்டு வரையறைகளைக் கையாள்கிறது. ஒன்று வழக்கமான நிலை. ஆண்டின் பெரும்பகுதி வேலையில் இருந்தவர் மட்டுமல்லாமல், 30 நாளாவது துணை வேலை பார்த்தவரும் இதில் தொழிலாளி. மற்றது நடப்பு வார நிலை. கடந்த ஏழு நாட்களில் ஏதாவது ஒரு நாளில் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலும் இதில் தொழிலாளி. எந்த வரையறையை எடுக்கிறோமோ அதற்கேற்பக் கீழே உள்ள எண் மாறும், விடையும் மாறும்.

இது வெறும் நுணுக்கம் என்று தள்ளிவிட முடியாது. வழக்கமான நிலைக் கணக்கில், 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களின் தொழிலாளர் பங்கேற்பு 2017-18இல் 23.3 சதவீதமாக இருந்து 2023-24இல் 41.7 சதவீதமாக உயர்ந்தது. கூடியவர்களில் கணிசமானோர் குடும்ப நிலத்திலோ குடும்பக் கடையிலோ கூலியின்றி உதவுபவர்கள். அவர்களில் ஒரு பகுதியினர் முன்பும் அதே வேலையைச் செய்து, இப்போதுதான் கணக்கில் வந்தார்கள் என்று வைத்துக்கொண்டால், உற்பத்தி கூடாமல் தொழிலாளர் எண்ணிக்கை மட்டும் கூடுகிறது. பெண்ணின் உழைப்பை ஒப்புக்கொண்ட ஒரே காரணத்தால் நாட்டின் உற்பத்தித்திறன் குறைந்ததாகத் தெரியும்! இந்த எண்ணை வைத்து யாராவது நம் தொழிலாளரைக் குறை சொல்லும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

இன்னொரு பலவீனம் உள்ளே மறைந்திருக்கிறது. பதிவில்லாத சிறு தொழில்கள் கணக்குப் புத்தகம் வைப்பதில்லை. அவற்றின் உற்பத்தியை நேரடியாக அளக்க முடியாததால், நீண்ட காலமாக வேறு வழியில் மதிப்பிட்டு வந்தார்கள்: ஏதோ ஓர் ஆண்டில் நடத்திய ஆய்வில் ஒரு தொழிலாளிக்கு இத்தனை ரூபாய் மதிப்பு என்று கிடைத்திருக்கும், அதைத் தொழிலாளர் எண்ணிக்கையால் பெருக்கிவிடுவார்கள். மேலே உள்ள எண்ணைக் கீழே உள்ள எண்ணிலிருந்தே செய்துவிட்டு, பிறகு ஒன்றை ஒன்றால் வகுத்தால், முதலில் வைத்துக்கொண்ட அனுமானம்தான் விடையாகத் திரும்பி வரும். பதிவில்லாத நிறுவனங்களுக்கென்று இப்போது ஆண்டுதோறும் ஆய்வு நடப்பதால் நிலைமை முன்பைவிட மேல். ஆனால் பழைய ஆண்டுகளோடு ஒப்பிடும்போது எச்சரிக்கை தேவை.

## இனி அந்தக் கொத்தனார்

மார்த்தாண்டம், குழித்துறை பக்கத்திலிருந்து கொத்தனார்களும் கையாட்களும் காலையில் கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை வழியாகத் திருவனந்தபுரம் போய்ச் சாயங்காலம் திரும்புகிறார்கள். ரிசர்வ் வங்கி தொகுத்த 2022-23ஆம் ஆண்டுக் கணக்கில் கிராமப்புறக் கட்டுமானத் தொழிலாளியின் சராசரி நாள்கூலி கேரளத்தில் ஏறத்தாழ 850 ரூபாய். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 500 ரூபாய். அதே கரண்டி, அதே தூக்குக்குண்டு, அதே கை. எல்லைச் சாவடிக்கு அந்தப் பக்கம் அவர் கட்டிய சுவரின் மதிப்பு கணக்கில் கூடிவிடுகிறது. இங்கே இரண்டு விஷயங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

1. எங்கே எண்ணப்படுகிறார் என்பது. தொழிலாளர் ஆய்வு வீட்டுக்கு வந்து எடுப்பது; அதனால் அவர் தமிழ்நாட்டுத் தொழிலாளி. அவர் கூட்டிய மதிப்போ கேரளத்தின் உற்பத்தி. இந்த இரண்டு மூலங்களையும் அப்படியே எடுத்து மாநிலங்களை ஒப்பிட்டால் கேரளத்துக்கு ஆளில்லாத உற்பத்தியும், தமிழ்நாட்டுக்கு உற்பத்தியில்லாத ஆளும் சேரும். கொச்சியில் மீன் இறக்கும் தூத்தூர் படகுகளிலும் இதே சிக்கல்தான்; மீன் இறங்கும் துறையில்தான் பிடிப்பு பதிவாகிறது. உலக அளவில் இதற்குப் பெயர்போன இடம் லக்சம்பர்க். அங்கே சம்பளத்துக்கு வேலை செய்வோரில் ஏறத்தாழ பாதிப் பேர் பிரான்ஸ், ஜெர்மனி, பெல்ஜியத்திலிருந்து தினமும் வந்து போகிறவர்கள். தனிநபர் ஜிடிபியில் அவர்களின் உற்பத்தி உண்டு, தலை கிடையாது. நாட்டுக்குள் வேலை செய்வோர் அனைவரையும் எண்ணி வகுத்தால் இந்தப் பிழை போய்விடும். அப்போதும் வங்கி, நிதி நிறுவனங்கள் மிகுந்த நாடென்பதால் லக்சம்பர்க் மேலேயே நிற்கும்.

2. சுற்றியுள்ள பொருளாதாரம் அவர் வேலைக்கு வைக்கும் விலை. கேரளத்தில் ஆட்தட்டுப்பாடு, வெளிநாட்டுப் பணம், நெடுங்காலத் தொழிற்சங்க வரலாறு எல்லாம் சேர்ந்து கூலியை ஏற்றியிருக்கின்றன. நாடுகளுக்கிடையே இதே போக்கைப் பேலா பலாசா, பால் சாமுவேல்சன் என்ற இரு பொருளியலாளர்கள் 1964இல் தனித்தனியே விளக்கினார்கள். ஏற்றுமதித் தொழில்களில் திறன் கூடிய நாட்டில் கூலி ஏறும். அதே ஊரில் முடிவெட்டுபவருக்கும் ஓட்டுநருக்கும் அந்தக் கூலியை ஒட்டிக் கொடுத்தால்தான் ஆள் கிடைக்கும். ஆகவே முடிவெட்டும் வேகம் மாறாமலே முடிவெட்டும் விலை ஏறுகிறது.

## நாணயத்தை மாற்றும் இடம்

அந்த விலை வேறுபாட்டை நீக்காமல் நாடுகளை ஒப்பிட்டால் தவறான விடைதான் வரும். நாகர்கோவிலில் முடிவெட்ட ஆகும் பணத்தை வங்கி மாற்று விகிதத்தில் டாலராக்கினால் அமெரிக்காவில் எந்தச் சலூனுக்குள்ளும் நுழைய முடியாது. வேலையோ ஒன்றே.

இதற்காக வந்ததே வாங்கும் சக்திச் சமன்பாடு. ஒரே வகைப் பொருள்களையும் சேவைகளையும் ஒரு நாட்டில் வாங்க எத்தனை ரூபாய், அமெரிக்காவில் வாங்க எத்தனை டாலர் என்று விலை திரட்டி, அந்த விகிதத்தில் மாற்றுவது. 1968இல் தொடங்கிய சர்வதேச ஒப்பீட்டுத் திட்டம் இந்த விலைகளைத் திரட்டுகிறது. உலக வங்கி அதை ஒருங்கிணைக்கிறது. 2017ஆம் ஆண்டுச் சுற்றில் ஒரு டாலருக்குச் சந்தை மாற்று விகிதம் 65.12 ரூபாய், வாங்கும் சக்தி விகிதம் 20.65 ரூபாய். ஒரு தொழிலாளி மணிக்கு 200 ரூபாய் மதிப்பு கூட்டினார் என்றால், முதல் வழியில் அது 3 டாலர். இரண்டாம் வழியில் 9.7 டாலர். மூன்று மடங்கு வித்தியாசம், கை ஒன்றும் கூடுதலாக அசையாமல்!

இரண்டாம் வழியே சரியானது. ஆனால் அதற்கும் எல்லைகள் உண்டு. குமரியின் மட்டி வாழைப்பழத்துக்குச் சிகாகோவில் விலை கிடையாது. அங்கே நாள்தோறும் வாங்கும் பலவற்றை இங்கே யாரும் வாங்குவதில்லை. ஒப்பிடத்தக்க பொருள்களைத் தேர்வதும், தரத்தைச் சமன் செய்வதும் மனிதர்கள் எடுக்கும் முடிவுகள். சுற்றுக்குச் சுற்று விகிதமும் மாறும். இந்தியாவுக்கு 2011இல் அது 15.55 ரூபாயாக இருந்தது. ஒரு பட்டியல் 2017 டாலரிலும் இன்னொன்று 2021 டாலரிலும் இருப்பதால்தான் இந்தியாவுக்கு ஓரிடத்தில் 8 டாலரும் இன்னோரிடத்தில் 10 டாலரும் பார்க்கிறோம். இரண்டையும் அடுத்தடுத்து வைத்து வளர்ச்சி என்று சொல்வது தவறு. இன்னொன்று: இந்த விகிதம் முழுப் பொருளாதாரத்துக்கானது. ரப்பரின் விலை உலகச் சந்தையை ஒட்டி நகர்வது. ரப்பர் தோட்டத் தொழிலாளியைத் தாய்லாந்துத் தொழிலாளியோடு ஒப்பிட இதைப் பயன்படுத்தினால் கணக்கு கோணிவிடும்; அங்கே ஆளுக்கு இத்தனை கிலோ என்று ஒப்பிடுவதே நேர்மை.

## எல்லாவற்றையும் திருத்திய பிறகும் மிஞ்சும் இடைவெளி

அளவீட்டுக் குறைகளைச் சொல்லி இடைவெளியே இல்லை என்று முடிக்க நான் வரவில்லை. இடைவெளி உண்மை, பெரியது. அதன் காரணம் உழைப்பவரின் உடலிலோ மனத்திலோ இல்லை என்பதே நான் வலியுறுத்துவது.

முதல் காரணம் கையில் உள்ள கருவி. ஆரல்வாய்மொழிக் கணவாயில், முப்பந்தலைச் சுற்றி ஏறத்தாழ 1,500 மெகாவாட் காற்றாலைகள் நிற்கின்றன. மே முதல் செப்டம்பர் வரை காற்று வீசும் காலத்தில் அங்கே உருவாகும் மதிப்பை அங்கே வேலை பார்க்கும் சிலரால் வகுத்தால் ஒருவருக்கு வரும் தொகை மலைக்க வைக்கும். சில கிலோமீட்டர் தள்ளித் தோவாளையில் பூக்கட்டுபவருக்கு வருவது சொற்பம். காற்றாலைப் பணியாளர் பல மடங்கு உழைக்கிறார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்; அவருக்குப் பின்னால் கோடிக்கணக்கான ரூபாய் முதலீடு நிற்கிறது. நாடுகளுக்கும் இதே கதைதான். கருவியையும் படிப்பையும் கழித்த பிறகும் மிஞ்சும் வேறுபாட்டை மொத்தக் காரணி உற்பத்தித்திறன் என்பார்கள். ராபர்ட் சோலோ 1957இல் அதைப் பிரித்துக் காட்டினார். சாலை, துறைமுகம், மின்சாரம், நிர்வாகம், தொழில்நுட்பம் எல்லாம் அந்த மிச்சத்துக்குள் வருகின்றன.

இரண்டாவது, யார் எந்தத் துறையில் இருக்கிறார்கள் என்பது. 2023-24இல் இந்தியத் தொழிலாளரில் 46.1 சதவீதம் பேர் வேளாண்மையில். கூட்டப்பட்ட மதிப்பில் வேளாண்மையின் பங்கு ஏறத்தாழ 18 சதவீதம். கணக்குப் போட்டால் வேளாண் தொழிலாளிக்கு மற்றவரின் கால்வாசி மதிப்பே வருகிறது. இதில் ஒரு பகுதி தோற்றம்: நடவுக்கும் அறுவடைக்கும் நடுவே வேலையில்லாத நாட்கள் பல, ஆகவே மணிக்கணக்கில் பார்த்தால் இடைவெளி குறையும். எஞ்சியது, வேறு வேலை இல்லாததால் ஒரே நிலத்தில் ஆட்கள் பகிர்ந்து நிற்பது.

மூன்றாவது, ஒரே தொழிலுக்குள் முறை மாறுவது. முந்திரியில் வியட்நாம் இயந்திரத்தால் உடைக்கும் வழியில் போய் உலகின் முதல் ஏற்றுமதி நாடானது. நம் அண்டியாபீஸ் பெண்கள் கையால் உடைத்துத் தோல் நீக்குகிறார்கள். ஆளுக்கு இத்தனை கிலோ என்ற கணக்கில் வியட்நாம் முந்தும். ஆனால் தேர்ந்த கைக்கு முழுப்பருப்பு அதிகம் தேறும். உடைந்த பருப்புக்கும் முழுப்பருப்புக்கும் விலை வித்தியாசம் பெரிது. கிலோவை மட்டும் எண்ணும் அளவு அந்தப் பெண்களின் திறமையைப் பார்க்காது.

## 70 மணி நேரம் என்ற தீர்வைச் சோதித்தால்

ஒருவர் வாரம் 45 மணி நேரத்தில் 9,000 ரூபாய் மதிப்பு கூட்டுகிறார்: மணிக்கு 200 ரூபாய். அதே வேகத்தில் 70 மணி நேரம் உழைத்தால் 14,000 ரூபாய். மணிக்கு அதே 200 ரூபாய். மேலும் கீழும் சேர்ந்தே கூடுவதால் உற்பத்தித்திறன் அசையாது. களைப்பில் கடைசி 25 மணி நேரத்தில் மணிக்கு 120 ரூபாயாகக் குறைந்தால் மொத்தம் 12,000 ரூபாய். மணிக்கு 171 ரூபாய். ஆள்கணக்கில் ஏற்றம், மணிக்கணக்கில் இறக்கம். எந்த எண்ணைக் காட்டிக் குறை சொன்னார்களோ அந்த எண்ணே இந்தத் தீர்வால் இன்னும் குறையும்.

களைப்பு என்பது ஊகமும் இல்லை. முதல் உலகப் போரின்போது பிரிட்டன் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் எடுத்த பதிவுகளை ஸ்டான்ஃபோர்டு பொருளியலாளர் ஜான் பென்கவல் மறுபடி ஆராய்ந்தார். வாரத்துக்கு ஏறத்தாழ 49 மணி நேரம் வரை நேரத்துக்கு ஏற்ப உற்பத்தி கூடியது. அதற்கு மேல் கூடும் வேகம் தளர்ந்துகொண்டே போனது. நம் தொழிலாளரில் பாதிப் பேர் ஏற்கெனவே அந்த வரம்பில் இருக்கிறார்கள்.

## எண் கூடினால் யாருக்குப் போகும்

உற்பத்தித்திறன் உயர்ந்தால் கூலி தானாக உயரும் என்பது பரவலான நம்பிக்கை. கூட்டிய மதிப்பு கூலிக்கும் லாபத்துக்கும் எப்படிப் பிரிகிறது என்பதைப் பற்றி அந்த எண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

ரப்பரில் இது கண்முன் நடக்கிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் பால் வெட்டுவது பழைய வழக்கம். தோட்டத்தை இரண்டு பகுதியாக்கி மாறி மாறி வெட்டினால் ஒருவருக்குத் தினமும் வேலை இருக்கும். மரத்துக்குத் தூண்டுமருந்து பூசி, மூன்று நாளுக்கு ஒருமுறை அல்லது வாரத்துக்கு ஒருமுறை மட்டும் வெட்டும் முறையை இப்போது ரப்பர் வாரியம் பரிந்துரைக்கிறது. ஒரு வெட்டுக்குக் கிடைக்கும் பால் கூடுகிறது, மரப்பட்டை நீடித்து வருகிறது, ஆள் கிடைக்காத குறையும் தீர்கிறது. ஒரு நாள் உழைப்புக்கு இத்தனை கிலோ என்ற கணக்கில் இது தெளிவான முன்னேற்றம். நானும் அதை முன்னேற்றம் என்றே சொல்வேன்.

ஆனால் குமரியில் சிறு தோட்டங்கள் அதிகம். இரண்டு பகுதி மட்டுமே உள்ள தோட்டக்காரர் வார வெட்டுக்கு மாறினால் பால்வெட்டுக்காரருக்கு அங்கே வாரத்தில் இரண்டு நாள் வேலைதான். மிச்ச நாட்களுக்கு அவர் வேறு தோட்டங்களைப் பிடித்தாக வேண்டும். அவை நடக்கும் தூரத்தில் இருக்க வேண்டும், மழை எல்லா நாளையும் கலைக்காமல் இருக்க வேண்டும். கூலி மரத்துக்கு இத்தனை என்று பேசப்பட்டிருந்தால், கூடிய பாலின் பலன் முழுவதும் தோட்டக்காரருக்குப் போகும். பாலின் அளவில் பங்கு என்று பேசப்பட்டிருந்தால் இருவருக்கும் வரும். கூலியை எப்படிப் பேசினாலும் நாடுவாரிப் பட்டியலில் இந்தியாவின் எண் ஒரே அளவுதான் கூடும்.